தென்னை மரத்தைப் பாருங்கள்

நாற்பத்தாறு வயதுடைய ஒரு மனிதன், இடுப்பளவு நீரில், பள்ளிச் சிறுவர்களின் நடுவே, ஒரு பலகையின்மேல் ஏறி நிற்க முயன்று, முப்பது முறை விழுந்து, முப்பது முறையும் உப்புநீரைக் குடித்து எழுந்து வருவதை நீங்கள் கண்டிருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்? "இவருக்கு ஏன் இந்த வேலை?" என்றுதானே? என் மனைவியும் அதையே கேட்டாள். "என்னங்க, இந்த வயதில் இது தேவையா?" என்றாள். அன்று அவளுக்குச் சொல்ல என்னிடம் சரியான பதில் இருக்கவில்லை. இன்று இருக்கிறது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

நான் சாத்தான்குளத்துக்கு அருகேயுள்ள ஒரு செம்மண் கிராமத்தில் பிறந்தவன். பனையும் தேரிமணலும் நிறைந்த ஊர் அது. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டார்கள். அப்படித்தான் நீச்சல் கற்றேன். 2003-ஆம் ஆண்டு பிழைப்புக்காக மங்களூருக்கு வந்து, ஒரு கிடங்கில் கணக்கெழுதும் வேலையில் சேர்ந்தேன். இருபது ஆண்டுகள் கடலின் அருகிலேயே வாழ்ந்தும், மாலை வேளையில் குடும்பத்தோடு மணலில் அமர்ந்து கடலை கொறித்துவிட்டுத் திரும்புவதைத் தவிர, கடலோடு எனக்கு வேறு உறவு இருந்ததில்லை.

2024-ஆம் ஆண்டு கோடையின் இறுதியில், மங்களூருக்கு வடக்கே சசிஹித்லு கடற்கரையில் அகில இந்திய அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. அப்போது எட்டாம் வகுப்புக்குப் போகவிருந்த என் மகளை அதைக் காண அழைத்துச் சென்றேன். நீண்ட பலகைகளின்மேல் நின்றபடி இளைஞர்களும் பெண்பிள்ளைகளும் அலையின் சரிவில் வழுக்கி வருவதை அவள் கண்கொட்டாமல் பார்த்தாள். வீடு திரும்பும் வழியில், "அப்பா, எனக்கும் இதைக் கற்றுத் தருவீர்களா?" என்று கேட்டாள். அவள் என்னிடம் எதையும் கேட்டு வெகுநாளாகியிருந்தது. உடனே சரி என்றேன்.

கரையில் நின்ற தகப்பன்

மங்களூரிலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள முல்கி, நம் நாட்டில் அலைச்சறுக்கு முதன்முதலாக வேரூன்றிய இடங்களுள் ஒன்று. சாம்பவி ஆறு கடலில் கலக்கும் அழகிய ஊர் அது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றினால் அக்கடல் கொந்தளித்துக்கொண்டிருக்கும். கற்றுக்கொள்பவர்கள் அதில் இறங்கக்கூடாது. அக்டோபரில் கடல் அடங்கியபின், சனிக்கிழமைதோறும் விடியற்காலைப் பேருந்தில் நாங்கள் இருவரும் அங்கே போகத் தொடங்கினோம். பத்து வகுப்புகளுக்கு முன்பணம் கட்டினேன். மகள் கற்பாள், நான் கரையில் இருப்பேன். இதுவே ஏற்பாடு.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். தொடக்கநிலையில் இருப்பவருக்கு எட்டு அல்லது ஒன்பது அடி நீளமுள்ள, மேற்பரப்பு மென்மையான பலகையைக் கொடுப்பார்கள். அதன் அடியில், திசை மாறாமல் செல்வதற்காக, மீன் துடுப்பு போன்ற ஃபின்கள் இருக்கும். பலகை கைவிட்டுப் போகாதபடி, பின்னால் ஊன்றும் காலின் கணுக்காலில் 'லீஷ்' எனப்படும் கயிற்றைக் கட்டிக்கொள்ள வேண்டும். பலகையின்மேல் குப்புறப் படுத்து, கைகளால் நீரைத் துழாவி, அலை பலகையைத் தூக்கித் தள்ளும் கணத்தில் உள்ளங்கைகளை ஊன்றி, ஒரே அசைவில் எழும்பி நிற்க வேண்டும். இந்த எழும்புதலை 'பாப்-அப்' என்கிறார்கள். சொல்வதற்கு ஒரு வரி. செய்வதற்கு ஒரு வினாடி. ஆனால் கற்பதற்கோ மாதங்கள்.

என் மகள் முதல் நாளிலேயே விழுந்தாள். அது இயல்பே. ஆனால் கரையில் நின்ற நான் சும்மா இருக்கவில்லை. "காலை அகற்றி வை! குனியாதே! கையை விரி! முழங்காலை மடக்கு! அந்த அலையை ஏன் விட்டாய்?" என்று வாய் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தேன். எனக்கு இந்த விளையாட்டில் ஒன்றும் தெரியாது என்பதை நினைத்துப்பாருங்கள்! பயிற்றுநர் சொன்னவற்றையும், பக்கத்தில் நின்றவர்கள் பேசிக்கொண்டவற்றையும், அலைபேசியில் பார்த்தவற்றையும் சேர்த்து, ஐந்தாறு கட்டளைகளை ஒரே மூச்சில் அவள்மேல் வீசினேன். அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். அந்தக் கணத்தில் அலை அவளைக் கவிழ்த்துவிடும். அதற்கும் நான் கடிந்துகொள்வேன்.

எனக்கு மிதிவண்டி கற்றுக்கொடுத்த என் தகப்பனாரும் அப்படித்தான் பின்னாலேயே ஓடிவந்து கத்துவார். அவரும் அன்பினால்தான் கத்தினார் என்பதை அறிவேன். ஆனாலும் அவர் வேலைக்குப் போன ஒரு மத்தியான வேளையில்தான் நான் மிதிவண்டி ஓட்டக் கற்றேன் என்பதை ஏனோ மறந்துபோனேன்.

டிசம்பர் மாதத்தில், ஆறாவது வகுப்பு முடிந்து பேருந்தில் திரும்பும்போது, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே என் மகள் சொன்னாள்: "அப்பா, கடல் ஒரு பக்கம் தள்ளுகிறது, நீங்கள் ஒரு பக்கம் தள்ளுகிறீர்கள். இனி நான் வரவில்லை."

அதற்குமேல் அவள் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை எழுப்பியபோது போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அது கடலோடு முடிந்துபோயிருந்தால் நான் இவ்வளவு கலங்கியிருக்கமாட்டேன். மாலையில் அவள் கணக்குப் போடும்போது நான் அருகே சென்றால், குறிப்பேட்டை மூடிவைத்துவிடுவாள். "ஒன்றுமில்லை அப்பா" என்பாள். மூடிய அந்தக் குறிப்பேடு என் மனதை வாட்டியது. அந்நிய ஊரில், சொந்தபந்தம் அருகில் இல்லாத வீட்டில், மூன்று பேர்தான் நாங்கள். அதில் ஒருவர் வாய் மூடிக்கொண்டால் வீட்டில் என்ன மிஞ்சும்?

எட்டுக் குறைகள் கொண்ட குறிப்பேடு

பத்து வகுப்புகளில் நான்கு மீதமிருந்தன. கட்டிய பணம் திரும்ப வராது. வீணாகப் போவதைப் பொறுக்காத புத்தி எனக்கு. "அப்படியானால் நான் போகிறேன்" என்று ஜனவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை நானே பலகையோடு நீரில் இறங்கினேன். மகளுக்கு அத்தனை யோசனை சொன்னவன் அல்லவா! முதல் மணி நேரத்தில் ஒருமுறைகூட என்னால் நிற்க முடியவில்லை.

கணக்கெழுதுகிறவனின் வழக்கப்படி, அன்று இரவே ஒரு குறிப்பேட்டில் என் குறைகளை வரிசையாக எழுதினேன். பலகையில் மிக முன்னால் படுக்கிறேன். அதனால் முனை நீரில் குத்தித் தலைகீழாகக் கவிழ்கிறேன். கைகளை விலா அருகே ஊன்றாமல் பலகையின் ஓரங்களைப் பிடிக்கிறேன். முதலில் முழங்காலை ஊன்றிப் பிறகு எழுகிறேன். குனிந்து என் கால்களையே பார்க்கிறேன். முன்னங்கால் நடுவில் விழாமல் ஓரத்தில் விழுகிறது. எழுந்ததும் கம்பம்போல் விறைத்து நிற்கிறேன். அலை வரும்முன் அவசரப்படுகிறேன். மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். ஆக எட்டுக் குறைகள்.

அடுத்த வாரம் எட்டையும் நினைவில் வைத்துக்கொண்டு கடலில் இறங்கினேன். முன்னைவிட மோசமாக விழுந்தேன். அதற்கடுத்த வாரமும் அதே கதை. நான்காவது வகுப்பில், அவ்வூர் மீனவக் குடும்பத்தில் பிறந்தவரும் என் வயதில் பாதியே ஆனவருமான பயிற்றுநரிடம் அந்தக் குறிப்பேட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். எனக்குத் தெரிந்த உடைந்த கன்னடத்தில் ஒவ்வொன்றாக வாசித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிதான் சார். ஆனால் எழும்புவதற்கு உங்களுக்கு எத்தனை நேரம் கிடைக்கிறது?" என்று கேட்டார்.

"ஒரு வினாடி இருக்கும்."

"அந்த ஒரு வினாடியில் எட்டு நினைப்பா?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் கரையைச் சுட்டிக்காட்டினார். வரிசையாக நின்ற தென்னைகளில் ஒன்று சற்றே சாய்ந்து தனியாகத் தெரிந்தது. "ஆறு வாரம் நீங்கள் எழும்புவதை மட்டும் செய்யுங்கள். அதிலும் ஒன்றே ஒன்று. எழும்பும்போது அந்தத் தென்னை மரத்தைப் பாருங்கள். நின்றீர்களா, விழுந்தீர்களா என்று நான் கேட்கமாட்டேன். மரம் தெரிந்ததா என்று மட்டும் கேட்பேன்."

வகுப்புகள் முடிந்துவிட்டன. ஆனாலும் அன்று நான் மேலும் ஆறு வாரங்களுக்குப் பணம் கட்டினேன்.

இருபது வினாடிக் கணக்கு

வாசகரே, இந்த ஆலோசனையின் ஆழத்தை அன்று நான் உணரவில்லை. பிறகு யோசித்துப் பார்க்கையில், அது சரியான கணக்கு என்று கண்டுகொண்டேன். அலைச்சறுக்கு வீரர்கள் கடலில் செலவிடும் நேரத்தை ஆராய்ச்சியாளர்கள் அளந்திருக்கிறார்கள். ஏறக்குறைய பாதி நேரம் கைகளால் துழாவுவதிலேயே போய்விடுகிறது. மீதியில் பெரும்பகுதி அலைக்காகக் காத்திருப்பதில் கழிகிறது. அலையின்மேல் செல்லும் நேரம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. என்னைப்போன்ற ஒருவனுக்கு ஒரு மணி நேரத்தில் இருபது அலைகள் கிடைத்தால், எழும்பும் பயிற்சி இருபது வினாடிகள் மட்டுமே! மிதிவண்டியை ஒரு மணி நேரம் ஓட்டினால் ஒரு மணி நேரமும் பயிற்சிதான். இங்கே அப்படியல்ல. மேலும், ஒரு அலையைப்போல் மற்றொரு அலை வருவதில்லை. எல்லாம் மாறிக்கொண்டிருக்கும் இடத்தில், மாறாத ஒன்றை நாமே பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆகையால் பயிற்றுநர் மற்றவை எல்லாவற்றையும் என்னிடமிருந்து எடுத்துவிட்டார். ஓர் அலை, ஏறக்குறைய தன் உயரத்தைப்போல் ஒன்றேகால் மடங்கு ஆழமுள்ள இடத்துக்கு வரும்போது உடைகிறது. உடைந்தபின் கரையை நோக்கி உருண்டுவரும் வெள்ளை நுரையலையில், இடுப்பளவு நீரில் மட்டுமே நான் இருக்க வேண்டும். நான் துழாவவேண்டியதில்லை, அவர் பலகையைத் தள்ளிவிடுவார். எந்த அலை என்று நான் தேர்ந்தெடுக்கவேண்டியதில்லை; அவர் சொல்வார். படுக்கவேண்டிய இடத்தைப் பலகையில் மெழுகால் ஒரு கோடு இழுத்துக் குறித்துவிட்டார். என் நெஞ்சு அக்கோட்டின்மேல் இருந்தால் போதும். எஞ்சியது ஒன்றே: எழும்பும்போது தென்னை மரம்.

வீட்டிலும் பயிற்சி உண்டு. முன்னறையில் பாய் விரித்து, குப்புறப் படுத்து, உள்ளங்கைகளை விலாவின் அருகே ஊன்றி எழும்ப வேண்டும். பத்துப் பத்தாக மூன்று தடவை. நடுவே இளைப்பாற வேண்டும். களைப்பில் செய்தால் தவறான அசைவே உடம்பில் பதியும் என்று அவர் எச்சரித்திருந்தார். தென்னை மரத்துக்குப் பதிலாகச் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தேன். கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் மேலே வந்து, "அம்மி ஏதும் விழுந்துவிட்டதா?" என்று கேட்டார். என் மனைவி சிரித்துவிட்டாள். கதவோரம் நின்ற மகளின் முகத்திலும் ஒரு சிரிப்பு வந்து மறைந்ததைக் கண்டேன்.

முதல் சனிக்கிழமை இருபது அலைகளில் மூன்று முறை மரம் தெரிந்தது. இரண்டாம் வாரம் ஐந்து. மூன்றாம் வாரம் மறுபடியும் மூன்று! மனம் சோர்ந்துபோனேன். பெங்களூரிலிருந்து வந்திருந்த இளைஞர்கள் சிலர், உடையாத பச்சை அலைகளில் தூரத்தே விளையாடிக்கொண்டிருந்தார்கள். பயிற்றுநர் வேறொரு சிறுவனிடம் சென்ற நேரம் பார்த்து, நானும் அங்கே துழாவிப் போனேன். வந்த முதல் அலையிலேயே பலகையின் முனை நீரில் குத்தியது. நான் உருண்டேன். மேலே வந்தபோது பலகை என் உதட்டைக் கிழித்திருந்தது. பயிற்றுநர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, "மரம் தெரிந்ததா சார்?" என்று மட்டும் கேட்டார். வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

நான்காம் வாரத்தில் எட்டு. ஆறாம் வாரத்தில் பதினான்கு. அந்தப் பதினான்கில் பதினொன்றில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

இதில் எனக்கு வியப்பூட்டியது என்ன தெரியுமா? வீட்டுக்கு வந்து பழைய குறிப்பேட்டைத் திறந்து பார்த்தேன். எட்டுக் குறைகளில் நான்கு, நான் தொடாமலே சரியாகியிருந்தன. காரணம் எளிது. கண் மேலே போனால் தலை நிமிர்கிறது. தலை நிமிர்ந்தால் நெஞ்சு உயர்கிறது. நெஞ்சு உயர்ந்தால் அதன்கீழ் முன்னங்கால் நுழைய இடம் கிடைக்கிறது. கால் நேராக நடுவில் வந்து விழுகிறது. இடையில் முழங்காலை ஊன்றவேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது. நெஞ்சைத் தூக்கப் பலமாக ஊன்ற வேண்டியிருந்ததால், கைகளும் தாமாகவே விலாவின் அருகே வந்தன. குனிந்து காலைப் பார்த்தாலோ பாரம் முழுவதும் முன்னே சாய்கிறது. ஒரு சங்கிலியின் முதல் வளையத்தை அவர் எனக்குக் காட்டிக்கொடுத்திருந்தார்.

எல்லாமே சரியாகிவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். எழுந்ததும் விறைத்து நிற்கும் குறை அப்படியே இருந்தது. ஆகவே அடுத்த ஆறு வாரம் முழங்காலை மடக்குவது மட்டும் என் பாடமாயிற்று.

பின்னாட்களில் இதைப்பற்றி வாசித்தபோது, அறிஞர்களும் இதையே ஆராய்ந்திருப்பதை அறிந்தேன். 1993-ஆம் ஆண்டு ஆண்டர்ஸ் எரிக்சன் என்னும் உளவியல் அறிஞர், பெர்லின் நகரில் வயலின் பயின்ற மாணவர்களை ஆராய்ந்து, தனியே அமர்ந்து, முன்னேற வேண்டிய இடத்தைக் குறிவைத்துச் செய்யும் பயிற்சியின் மேன்மையை எடுத்துக்காட்டினார். 1998-ஆம் ஆண்டு கேப்ரியல் வுல்ஃப் என்னும் அம்மையாரும் அவருடைய சகாக்களும் பனிச்சறுக்கு அசைவைப் பழக்கும் ஒரு மேடையில் சோதனை செய்தார்கள். தங்கள் பாதங்களைக் கவனித்தவர்களைவிட, பாதங்களின்கீழ் இருந்த மேடையின் சக்கரங்களைக் கவனித்தவர்கள் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். "தலையை நிமிர்த்து" என்று சொல்லாமல் "மரத்தைப் பார்" என்று முல்கியின் மீனவ இளைஞர் சொன்னது எத்தனை நுட்பமானது! அவர் அந்த ஆராய்ச்சிகளை வாசித்தவர் அல்லர். ஆனால் நூற்றுக்கணக்கானவர்கள் விழுவதைக் கண்டவர்.

மூடிய குறிப்பேடு திறந்தது

ஒரு மாலை வேளையில், பாயில் எழும்பிக்கொண்டிருந்தபோது என் மகள் வந்து நின்றாள். "அப்பா, உங்கள் பின்னங்கால்..." என்று தொடங்கி, சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "இல்லை, வேண்டாம். இந்த வாரம் உங்களுக்கு முழங்கால்தானே?"

நான் எழுந்து உட்கார்ந்தேன். ஆறு வகுப்புகளில் நான் ஒருமுறைகூட அவளுக்குச் செய்யாததை, அவள் எனக்கு ஒரு வினாடியில் செய்துவிட்டாள். எனக்குத் தேவையான ஒன்றை மட்டும் விட்டுவைத்து, மற்றதைத் தன் வாய்க்குள் அடக்கிக்கொண்டாள்.

அன்றிரவு அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது அருகே சென்று அமர்ந்தேன். "மூடாதே அம்மா. நான் ஒன்றும் சொல்லமாட்டேன். பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன்" என்றேன். அவள் நம்பவில்லை, ஆனாலும் மூடவில்லை. கையெழுத்து கோணலாக இருந்தது. ஓரம் விடவில்லை. படிகளைத் தாண்டி எழுதினாள். எதுவும் சொல்லாமல் இருப்பது, நம்புங்கள், கடலில் விழுவதைவிடக் கடினமாக இருந்தது! கால்மணி நேரம் கவனித்தபின் ஒன்று எனக்குப் புலப்பட்டது. சமன்பாட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு எண்ணைக் கொண்டுபோகும்போது கூட்டல் குறியைக் கழித்தலாக மாற்ற மறந்துவிடுகிறாள். பெரும்பாலான தவறுகள் அந்த ஒன்றிலிருந்தே பிறந்தன.

"ஒன்றே ஒன்று சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"ஒன்றுதான்" என்றாள்.

"குறியை மாற்றும் இடத்தில் மட்டும் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி வை. விடை சரியா என்று நான் கேட்கமாட்டேன். புள்ளி வைத்தாயா என்று மட்டும் கேட்பேன்."

அவளுடைய மதிப்பெண்கள் அந்த ஆண்டில் வானளாவ உயர்ந்துவிட்டன என்று சொல்லி உங்களை நான் ஏமாற்ற விரும்பவில்லை. சிறிதே கூடின. ஆனால் அன்றுமுதல் நான் அருகே வந்தால் அவள் குறிப்பேட்டை மூடுவதில்லை. எனக்கு வேண்டியிருந்தது அதுவே.

ஏப்ரல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நான் எழுந்தபோது அவள் எனக்குமுன் எழுந்து முழுக்கைச் சட்டையோடு தயாராக நின்றாள். பேருந்தில் ஏறியதும், "இன்று நான் கைகளை ஊன்றுவதை மட்டும் பார்க்கப்போகிறேன். நீங்கள் கரையில் இருக்கிறீர்களா, கடலில் இருக்கிறீர்களா?" என்றாள். "கரையில்" என்றேன். "பேசுவீர்களா?" "இல்லை."

கரையில் அமர்ந்து, சிப்பிகளைப் பொறுக்கி வைத்துக்கொண்டு, அவள் எடுக்கும் ஒவ்வொரு அலைக்கும் ஒன்றாக மணலில் அடுக்கினேன். அவள் விழுந்தாள், எழுந்தாள். ஒருமுறை என் வாய்வரைக்கும் ஒரு வார்த்தை வந்தது. சாய்ந்த தென்னை மரத்தை நான் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். பதினேழாவது சிப்பியில் அவள் நின்றாள். கரை தட்டும்வரைக்கும் நின்று வந்தாள். இறங்கி, என்னைப் பார்த்து, "கை சரியாக இருந்ததா அப்பா?" என்று கேட்டாள். நான் அவள் கையைக் கவனிக்கவே இல்லை, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அவளிடம் ஒப்புக்கொண்டேன். அவள் சிரித்துவிட்டு மறுபடியும் நீரில் இறங்கினாள்.

நீங்களும் செய்துபார்க்க

அன்பானவர்களே, உங்களில் சிலருக்கோ உங்கள் பிள்ளைகளுக்கோ இந்த விளையாட்டில் ஆவல் உண்டாயிருந்தால் சிலவற்றைச் சொல்லுகிறேன். நீச்சல் தெரியாமலும், தகுந்த பயிற்றுநர் இல்லாமலும் இறங்காதீர்கள். பருவமழைக் காலத்தில் கடலை விட்டு விலகியிருங்கள். விழும்போது தலைகீழாகப் பாயாமல், உடலைத் தட்டையாக்கி விழுந்து, கைகளால் தலையை மூடிக்கொண்டு மேலே வாருங்கள். உங்களுக்கும் வருகிற அலைக்கும் நடுவே பலகையை வைக்காதீர்கள். அலை அதை உங்கள்மேலேயே எறியும். கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தில் அகப்பட்டால், அதை எதிர்த்து நீந்திக் களைத்துப்போகாமல், பலகையைப் பற்றிக்கொண்டு கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகி வெளியேறுங்கள்.

கற்கத் தொடங்கியபின், ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அது மற்றவற்றை இழுத்துவரும் முதல் வளையமாக இருக்கட்டும். எது முதல் வளையம் என்று நமக்குத் தெரியாவிட்டால், தெரிந்தவரிடம் கேட்பதில் வெட்கமில்லை. அதற்கு நாள் குறியுங்கள். அதை மட்டும் எண்ணுங்கள். வெற்றி தோல்வியை எண்ணாதீர்கள். நடுவில் ஒரு வாரம் பின்னடைவு வரும். அப்போது தூரத்து அலைகளுக்கு ஓடிவிடாதீர்கள். என் உதட்டில் இன்றும் அதன் தழும்பு இருக்கிறது!

2025-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் இரமேஷ் புதிஹால் வெண்கலப் பதக்கம் வென்றார். தனிநபர் பிரிவில் இந்தியர் ஒருவர் அப்போட்டியில் பதக்கம் பெற்றது அதுவே முதல் முறை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் கடல் மூடிக்கிடந்தது. அந்தச் செய்தியை என் மகள் எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, "அப்பா, அவரும் ஒருநாள் நுரையலையில் விழுந்திருப்பார் அல்லவா?" என்று கேட்டாள். "நிச்சயமாக" என்றேன். சிறிது நேரம் கழித்து முன்னறைக்குப் போனபோது, தரையில் இரண்டு பாய்கள் விரிக்கப்பட்டிருந்தன.

அன்பான வாசகரே, உங்கள் வீட்டிலும் உங்களைக் கண்டதும் மூடிக்கொள்ளும் குறிப்பேடு ஏதேனும் உண்டா? அந்தப் பிள்ளையிடம் நீங்கள் சொல்ல வைத்திருக்கும் எட்டுக் காரியங்களும் ஒருவேளை சரியானவையாகவே இருக்கலாம். இன்று மாலை அவற்றில் ஏழை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். அருகே அமர்ந்து, நன்றாகக் கவனித்து, ஒன்றை மட்டும் சொல்லுங்கள். சொல்லும்முன், "சொல்லட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.